எந்தத் தெரு, சொல்லுங்கள்

ஞாயிற்றுக்கிழமை குன்னூர் பேச்சுப் போட்டியில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். என் மாணவி, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, ராஜராஜன் காலத்துத் தஞ்சாவூரைப் பற்றிப் பேசும்போது 'தீண்டாச்சேரி' (தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் குடியிருப்பு) என்றதும் சிறப்பு விருந்தினர் எழுந்து மைக்கைப் பிடுங்கி, "பிள்ளைங்க மனசுல விஷத்தை ஏத்துறது யாரு?" என்று கேட்டாரே, அந்த 'யாரு' நான்தான்.

ஐயா, அந்தச் சொல்லை நான் வீட்டில் உட்கார்ந்து காய்ச்சவில்லை. பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது. கோயிலுக்கு நெல் அளந்த ஊர்களில் எந்தெந்த நிலத்துக்கு வரி இல்லை என்று கணக்கு எழுதியிருக்கிறார்கள். ஊர் நத்தம், குளம், வாய்க்கால், கம்மாளர் என்ற கைவினைத் தொழிலாளிகள் இருந்த கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி. சுடுகாடு தனி, பறைச்சுடுகாடு தனி. இதைக் கல்லில் வெட்டியவர்களுக்குக் கூச்சம் இல்லை. வாசித்த பிள்ளைக்குத்தான் திட்டு.

சரி, நகரத்துக்குள் வாருங்கள். தஞ்சாவூரே உள்ளாலை (உள்நகரம்), புறம்படி (வெளிநகரம்) என்று இரண்டு. நெசவாளர்களுக்குச் சாலியத் தெரு, யானை ஆட்களுக்கு ஆனையாட்கள் தெரு, வில்லாளிகளுக்கு வில்லிகள் தெரு, சமையல்காரர்களுக்கு மடைப்பள்ளித் தெரு. தொழிலைச் சொன்னால் தெருவைச் சொல்லிவிடலாம். சோழர் பெருமை பேசுகிற எல்லோரிடமும் எனக்கு ஒரே கேள்விதான்: நீங்கள் எந்தத் தெரு? எல்லோருக்கும் அரண்மனைக்குள்ளேயே பிறந்ததாக நினைப்பு. யானைக்குத் தழை வெட்டியவன் ஒருத்தன்கூட நம் கனவில் வருவதில்லை.

"பெருந்தச்சன் பேரைக் கல்லுல வெட்டலையா? நாவிதருக்கு ராஜராஜப் பெருநாவிசன்னு பட்டம் தரலையா? கோயிலில் ஆடிய 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு வீடும், வருஷத்துக்கு ஆளுக்கு 100 கலம் நெல்லும் தரலையா?" என்று கேட்கிறீர்கள். ராஜராஜன் தந்தான். பிள்ளையும் அதைச் சொன்னாள், வீடியோவை முழுசாகப் பாருங்கள். அந்தப் பெண்களைப் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றினார்கள். வரமாட்டேன் என்று ஒருத்தி அழுதிருந்தால் அதைக் கல்லில் வெட்டியிருப்பார்களா? தீண்டாச்சேரியில் இருந்தவர்களுக்கோ பேரே கிடையாது, சேரிக்குத்தான் பேர்.

"அந்தக் காலத்துல உலகம் பூரா அப்படித்தான்." அப்ப உலகம் பூரா அப்படித்தான் என்றே சொல்லிக் கொடுப்போம். மறைப்பானேன்?

அப்புறம் கரூரில் ஒரு சோழர் காலக் கல்வெட்டு. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டப்பேரில் அரசன் கம்மாளர்களுக்கு உத்தரவு கொடுக்கிறான். இனி நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது செருப்புப் போடலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம். 'எவ்வளவு பெருந்தன்மை!' என்று ஒருவர் நேற்று எனக்கு எழுதியிருக்கிறார். அந்த உத்தரவுக்கு முந்தின நாள் வரைக்கும் அவர்கள் வீட்டுச் சுவர் எப்படி இருந்தது, சார்?

இதை முதன்முதலில் படித்தபோது எனக்குத் தாத்தா ஞாபகம்தான் வந்தது. கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் மலை உச்சியில் துரை பங்களா, அதற்குக் கீழே கணக்கு எழுதுகிற ரைட்டர், வேலையை மேற்பார்க்கிற கண்டக்டர் வீடுகள், ஓடைக்குப் பக்கத்தில் கூலிக்காரர்களுக்கு வரிசையாகத் தகரக் கூரை போட்டுக் கட்டின லைன் வீடுகளில் எங்கள் வீடு. பங்களா வளைவு வந்ததும் தாத்தா செருப்பைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொள்வார். துரை எல்லாம் ஊருக்குப் போய்ப் பல வருஷம் ஆன பிறகும் அந்த வளைவில் கழற்றுவார். "ஏன் தாத்தா?" என்று கேட்டால், "பழகிருச்சுடா" என்பார். கோத்தகிரிப் பனியில், வெறுங்காலில்.

"சாதியைப் பேசினால்தான் சாதி வளரும்" என்கிற அண்ணன்மார்களுக்கு: எங்கள் வீட்டில் யாரும் பேசவே இல்லை. சமவெளியில் சொந்த ஊருக்குப் போனால், யாரும் எதுவும் பேசாமலே டீக்கடையில் எங்களுக்குத் தனி கிளாஸ் வரும்.

நான் 18 வருஷமாக வாத்தியார். அன்றைக்கு எனக்கு உட்கார ஒரு நாற்காலிகூடப் போடவில்லை. அது வேறு கதை, விடுங்கள். சோழனை நானும் ரசிக்கிறவன்தான். பத்து தடவையாவது பிள்ளைகளைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் விமானத்தை அண்ணாந்து பார்க்க வைத்திருக்கிறேன். இதைக்கூட நிரூபிக்க வேண்டியிருக்கிறது பாருங்கள்.

திங்கட்கிழமை அந்தப் பிள்ளை வந்து, "சார், அடுத்த போட்டியில அந்த வரியை எடுத்துரவா?" என்று கேட்டாள். எடுக்காதே, பரிசு போனால் போகட்டும் என்றேன். எனக்கென்ன, சுலபமாகச் சொல்லிவிட்டேன். அந்தப் பரிசுப் பணத்தில்தான் கைடு வாங்கலாம் என்று இருந்தாளாம்.