டாக்டர் ஹூ தீம்: மூக் சிந்தசைசரும் இல்லை, மெட்டு டெலியாவுடையதும் இல்லை

டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரின் தீம் இசையை “1963-ல் டெலியா டெர்பிஷயர் மூக் சிந்தசைசரில் (மின்னணு இசைக்கருவி) இசையமைத்தது” என்று சொல்வதுண்டு. அதில் ஆண்டு மட்டும்தான் சரி. முதல் மூக் மாதிரிக் கருவியே 1964-ல்தான் வந்தது. மெட்டை எழுதியவர் இசையமைப்பாளர் ரான் கிரெய்னர். அதை ஒலியாக்கியவர் டெலியா, உதவியாளர் டிக் மில்ஸ். இடம் பிபிசியின் ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப், அதாவது நிகழ்ச்சிகளுக்கான மின்னணு ஒலிகளை உருவாக்கிய பிரிவு.

முழுவதையும் ஒரே மூச்சில் வாசித்துப் பதிந்த இசை இல்லை இது. அடியில் துடிக்கும் பேஸ் பகுதிக்கு ஒற்றைக் கம்பியை மீட்டிப் பதிவு செய்து, டேப்பின் வேகத்தை மாற்றி ஒவ்வொரு சுருதியையும் எடுத்தார்கள். வேகத்தை இரட்டித்தால் ஒரு ஸ்தாயி ஏறும், ஆனால் நீளம் பாதியாகிவிடும். அதையும் கணக்கிட்டே வெட்ட வேண்டும். விநாடிக்கு 15 அங்குலம் ஓடும் டேப்பில் அரை விநாடி ஸ்வரம் என்றால் ஏழரை அங்குலத் துண்டு. இப்படி ஸ்வரம் ஸ்வரமாக வெட்டி ஒட்டினார்கள். மேலே வழுக்கிச் செல்லும் மெட்டோ, மின்சாரத்தால் ஒலி எழுப்பும் ஆஸிலேட்டர் கருவிகளில் பிறந்தது.

பல ஒலிகளை ஒரே டேப்பில் தனித்தனியாகப் பதியும் மல்டிடிராக் அவர்களிடம் கிடையாது. தனித்தனி டேப்புகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டு இன்னொன்றில் பதிந்தார்கள். ஒரு ஒட்டு சற்றுப் பிசகினாலும் அதற்குப் பின் எல்லாமே தாளம் தப்பும். அப்படி ஒருமுறை ஆனபோது டேப்புகளைக் கட்டிடத்தின் உள்ளே இருந்த நீண்ட நடைகூடத்தில் விரித்து, ஒட்டுகளை ஒப்பிட்டுத் தவறைக் கண்டுபிடித்தார்கள்.

உரிமைத்தொகையில் பாதியை டெலியாவுக்குத் தர கிரெய்னர் விரும்பினார். பிபிசி விதி இடம் தரவில்லை. தொடரின் திரையில் டெலியாவின் பெயர் வந்தது 2013-ல். அவர் இறந்தது 2001-ல்.