மும்மூர்த்திகள் பிறந்த ஊர் திருவையாறு அல்ல

கர்நாடக இசை மும்மூர்த்திகள் மூவரும் திருவையாற்றில் பிறந்தவர்கள் என்று ஒரு பதிவு இருக்கிறது. பலர் அதைப் பகிர்ந்தும் விட்டார்கள். மூவருக்கும் ஒரே ஊர் என்பது சரிதான், ஆனால் அந்த ஊர் திருவாரூர். சியாமா சாஸ்திரிகள் 1762இலும், தியாகராஜர் 1767இலும் அங்கே பிறந்தார்கள். வயதில் இளையவர் முத்துசுவாமி தீட்சிதர்.

குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும் என்பது புரிகிறது. தியாகராஜர் வாழ்ந்ததும் 1847இல் மறைந்ததும் திருவையாற்றில். அவருடைய சமாதி அங்கேதான், காவிரிக் கரையில் இருக்கிறது. ஆண்டுதோறும் நடக்கும் ஆராதனை அவர் மறைந்த திதியில் நடப்பது, பிறந்தநாள் விழா இல்லை. தீட்சிதர் மறைந்ததோ எட்டயபுரத்தில்.

சரிபார்ப்பது சுலபம். மூவரைப் பற்றியும் தமிழ் விக்கிப்பீடியாவில் தனித்தனிக் கட்டுரைகள் உண்டு. பிறந்த இடம் என்ற வரியை மட்டும் பாருங்கள். திருவாரூர்ப் பக்கம் போனால் மூவரும் பிறந்த இடங்களை நினைவில்லங்களாகவே பார்க்கலாம். அப்புறம், அவ்வூர்க் கோயிலில் இருக்கும் சுவாமியின் பெயரே தியாகராஜர்தான்! பதிவிட்டவர் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிவிட்டால் போதும்.