ஏழு கோல் போட்ட பிள்ளைகளுக்கு அடக்கம் பற்றி ஒரு பேருரை

கோப்பையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே ஐயா? மைக்கைப் பிடித்தால் விடவே மாட்டீர்களா?

நேற்று பெண்கள் கால்பந்துக்குப் பரிசு கொடுக்க வந்த பெரியவரைத்தான் சொல்கிறேன். ஊர்ப்பேர் வேண்டாம், மன்னார்குடிக்குக் கிழக்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். இறுதி ஆட்டம் 7-0. கடைசி கோலை அடித்த பிள்ளை மூலைக் கொடி வரைக்கும் ஓடிப்போய் ஒரு ஆட்டம் போட்டது. அவ்வளவுதான் குற்றம்.

முதலில் மேடையில் இருந்த அத்தனை பேருக்கும் பொன்னாடை. பிள்ளைகள் வெயிலில். அப்புறம் தொண்டையைச் செருமினார். “ஜெயிச்சது சந்தோஷம்தாம்மா, ஆனா...” அந்த ஆனாவில் தொடங்கியவர் ஔவையாரைத் தொட்டார், காவிரித்தாயைத் தொட்டார், தன் பாட்டி குனிந்த தலை நிமிராமல் நாற்று நட்ட கதைக்கு வந்தார். நிமிர்ந்துகொண்டு எப்படி ஐயா நாற்று நடுவது? “தோத்த பிள்ளைங்க மனசு என்ன பாடுபடும்?” என்றார். தோற்ற பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக உட்காரலாம் என்று ஒருத்தி நகர்ந்தாள். “எங்கம்மா போற, இதுவும் உனக்குத்தான்” என்று அவளுக்குத் தனியாக ஒரு பத்து நிமிடம்.

இதே மனிதர், பொங்கல் கபடியில் எதிராளி முகத்துக்கு நேரே தொடையைத் தட்டிய பையனுக்கு ஐந்நூறு ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்திவிட்டு “சிங்கம்டா” என்றவர்!

உலகம் முழுக்க இதே பெரியவர்தான், வேட்டிக்குப் பதில் கோட்டு. 2019 உலகக் கோப்பையில் அமெரிக்கப் பெண்கள் தாய்லாந்தை 13-0 என்று அடித்துக் கொண்டாடியதும் என்ன கூப்பாடு! ஆட்டம் முடிந்ததும் அமெரிக்க அணியின் கார்லி லாய்ட் தாய்லாந்து கோல்கீப்பரைத் தேடிப் போய் ஆறுதல் சொன்னதைப் பற்றி அவ்வளவு பேச்சைக் காணோம். கோலை ஏன் நிறுத்த வேண்டும்? அதே பிரிவில் சிலி, தாய்லாந்தை 2-0 என்றுதான் வென்றது. இன்னும் ஒரு கோல் இருந்தால் அடுத்த சுற்று. பெனால்டி மேல்கம்பத்தில் பட்டுத் திரும்பியது, வீட்டுக்குப் போனார்கள். கோல் வித்தியாசம் பார்த்து ஆள் எடுக்கிற போட்டியில் கருணை காட்டினால் சோறு போடுவார்களா?

அந்த 13-0 ஆட்டத்தில் ஐந்து கோல் போட்ட அலெக்ஸ் மார்கன், அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராகக் கோல் அடித்துவிட்டு டீ குடிப்பதுபோல் சைகை காட்டினார். அதற்கும் பஞ்சாயத்து. 2002 ஆண்கள் உலகக் கோப்பையில் சவுதிக்கு எதிராக ஜெர்மனி 8-0 அடித்தபோது குளோசே போட்ட குட்டிக்கரணத்தை இன்றுவரை ரசிக்கிறோம். 2010 உலகக் கோப்பையில் கோலுக்குள் போகிற பந்தைக் கையால் தடுத்து வெளியேற்றப்பட்ட உருகுவேயின் சுவாரெஸ், கானா பெனால்டியைக் கோட்டை விட்டதும் ஓரத்தில் நின்று துள்ளினார். திட்டினார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆம்பளைப் பிள்ளை அடக்கமாக இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னார்களா?

நம் கதையும் கேளுங்கள். 2025 ஜூனில் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மங்கோலியாவை நம் பெண்கள் அடித்தது அதே 13-0. ப்யாரி சாக்சா போட்டதும் அதே ஐந்து. மங்கோலியாவின் மனசு பற்றி அப்போது யாருக்கும் கவலை வரவில்லை. (எனக்கும் வரவில்லை. ஏன் வர வேண்டும்?) கடைசி ஆட்டத்தில் தாய்லாந்தையும் 2-1 என்று வென்றுதான் தகுதி பெற்றார்கள். பெரியவருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது!

கடைசியில் பரிசு என்ன தெரியுமா? ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். கபடிப் பையன்களுக்கு ஆட்டுக்கிடாவும் ரொக்கமும். கேட்டால், “பிள்ளைங்களுக்கு உபயோகமா இருக்கும்ல” என்கிறார். சிரித்தே விட்டேன், வேறென்ன செய்வது.

சரி, அது போகட்டும். ஊர் விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை. ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப்போடுகிறீர்களே, களம் கிடையாது, ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் மூட்டையை எடுக்க மாட்டார்கள், எல்லாம் தெரியும், நானும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான். சாயங்காலம் நெல்லை அள்ளும்போது ஓரத்தில் வரிசையாக வைத்த அந்தக் கருங்கல்லையும் எடுத்துப் போட்டால் என்ன? ராத்திரி வண்டியில் வருகிறவன் முட்டிக்கு யார் பொன்னாடை போர்த்துவது?