ஒரு காது போனால் பாதி மூளை சும்மா கிடக்குமா?
"இடது காது கேட்காதவர்களுக்கு வலப்பக்க மூளைக்கு ஒலியே போகாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படியில்லை. ஒவ்வொரு காதின் சமிக்ஞையும் மூளைத்தண்டிலேயே பிரிந்து இரு பக்கமும் போகிறது. எதிர்ப்பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஒரு காது போனபின் பலரிடம் அந்த ஏற்றத்தாழ்வும் குறைந்துவிடுகிறது.

உண்மையான இழப்பு, ஒப்பிட இன்னொரு காது இல்லாமல் போவது. பக்கவாட்டில் வரும் ஒலி இரு காதுகளையும் எட்டும் நேர வித்தியாசம் அதிகபட்சம் சுமார் 0.7 மில்லிநொடி. அதையும், தலை மறைப்பதால் ஒரு காதில் குறையும் சத்தத்தையும் வைத்துத்தான் மூளை திசையைக் கணிக்கிறது. அதனால்தான் பஸ் ஹாரன் நன்றாகவே கேட்கும், எந்தப் பக்கம் என்றுதான் பிடிபடாது. ஹோட்டல் இரைச்சலில் கேளாத பக்கம் உட்கார்ந்தவர் பேசுவது பாதிதான் தேறும்.

அப்புறம், "குழந்தைக்கு ஒரு காது போதும், அவசரமில்லை" என்பதும் சரியல்ல. பிறவியிலிருந்தே ஒரு பக்கம் கேளாவிட்டால் மூளை நல்ல காதின் பக்கமே சாய்ந்து பழகிவிடும். பல வருஷம் கழித்துக் காக்ளியர் இம்ப்ளான்ட் (உள்காதில் பொருத்தி, கேட்கும் நரம்பை மின்சமிக்ஞையால் தூண்டும் கருவி) வைத்தாலும் பலன் குறையலாம்.