யார் காசில் எழுதிய அறிக்கை அது?

முந்தாநாள் எங்கள் ஊரில் வரப்போகும் ஆலை பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நடந்ததை எல்லோரும் காணொளியில் பார்த்துவிட்டீர்கள். கதையைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. "இது நிபுணர்கள் எழுதியது, உங்களுக்குப் புரியாதம்மா" என்று, ஆலையின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைத் தயாரித்த ஆலோசனை நிறுவனத்துக்காரர் கேள்வி கேட்ட ஓர் அம்மாளிடம் மைக்கில் சொன்னாரே, அதற்காகத்தான் இந்தப் பதிவு. அந்த அம்மாள் கேட்டது என்ன? "எங்கள் ஊருக்கு எந்த மாதத்தில் வந்தீர்கள்?" இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

வந்தது கோடையில். மார்ச் முதல் மே வரை என்று அறிக்கையிலேயே இருக்கிறது. மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்துத் தரவு போதும் என்று விதி இடம் கொடுப்பதால் சட்டப்படி குற்றமில்லை. ஆனால் கடைமடையில் அப்போது என்ன இருக்கும்? சம்பா அறுத்து, உளுந்தும் பயறும் எடுத்து, வெடித்துக் கிடக்கும் வயலில் ஆட்டுக்கிடை போட்டிருப்பார்கள். மேட்டூர் திறப்பது ஜூன் 12, அதுவும் அணையில் நீர் இருந்தால். அதற்கு முன்பு வந்து பார்த்துவிட்டு, பெரும்பாலும் தரிசு நிலம் என்று எழுதியிருக்கிறார்கள். உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயம் 2022 முதல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இருக்கிறது. வலசைப் பறவைகள் அங்கே வருவது வடகிழக்குப் பருவமழையை ஒட்டி. மே மாத வெயிலில் பைனாகுலரோடு வந்து, குறிப்பிடத்தக்க பறவை எதுவும் தென்படவில்லை என்று எழுத நிபுணர் எதற்கு? கிடை போட வந்தவரே இலவசமாகச் சொல்லியிருப்பார்.

பறவை பிறகு. அந்த அறிக்கைக்குக் காசு கொடுத்தது யார்? ஆலை முதலாளி. 2006 செப்டம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடக்கும் முறை இதுதான்: திட்டத்தைக் கொண்டுவருபவரே ஆலோசகரைப் பிடிக்கிறார், அவரே பணம் கொடுக்கிறார், அவரே அறிக்கையைச் சமர்ப்பிக்கிறார். மாப்பிள்ளை வீட்டில் தரகுக் காசு வாங்கியவரிடம் போய், மாப்பிள்ளை குடிப்பாரா என்று பெண் வீட்டார் விசாரிப்பதைப் போன்ற ஏற்பாடு.

என் அக்காள் மகன் சுற்றுச்சூழல் பொறியியல் படித்துவிட்டுச் சென்னையில் இப்படி ஒரு நிறுவனத்தில் கொஞ்ச காலம் இருந்தான். பொங்கலுக்கு வந்தபோது வாயைக் கிளறினேன். "யார் குறைவாகக் கொட்டேஷன் கொடுக்கிறார்களோ அவர்களுக்குத்தான் வேலை, மாமா. ஆய்வகச் செலவிலும் களத்துக்குப் போகும் நாட்களிலும்தான் குறைக்க முடியும்" என்றான். அவர்கள் ஒப்பந்தங்களில் கடைசித் தவணை, அனுமதி கைக்கு வந்த பிறகுதானாம். அனுமதி வராவிட்டால் சம்பளமே இழுபறி. ஒரு கிராமத்துக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி இவன் எழுதிய பத்தியை வாடிக்கையாளருக்குப் பிடிக்கவில்லை என்று எடுக்கச் சொன்னார்கள். எடுக்க மாட்டேன் என்றான். பத்தியும் போனது, கொஞ்ச நாளில் வேலையும் போனது. இப்போது கணினி நிறுவனத்தில் இருக்கிறான். அக்காளுக்கு நிம்மதி. எனக்குத்தான் வயிறு எரிகிறது.

ஆலோசகர்களுக்கு அங்கீகாரம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. இந்தியத் தர மன்றத்தின் கீழுள்ள நேபெட் என்ற அங்கீகார வாரியம் கொடுக்கிறது. யாரிடம் என்ன பட்டம் இருக்கிறது என்று அது பார்க்கும். காசு யார் பையிலிருந்து வருகிறது என்பதை அது மாற்றுமா? அந்த அங்கீகார ஏற்பாடு வருவதற்கு முன்பு, மகாராஷ்டிரத்து ரத்தினகிரி பாக்சைட் சுரங்க அறிக்கைக்குள் ரஷ்யச் சுரங்கத்தின் விவரங்கள் அப்படியே உட்கார்ந்திருந்தன. இப்போது அவ்வளவு கவனக்குறைவாகச் செய்ய மாட்டார்கள், அவ்வளவுதான்.

"ஆடிட்டரும் கம்பெனியிடம்தானே காசு வாங்குகிறார்?" என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஆடிட்டர்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்று நான் எப்போது சொன்னேன்? கணக்கில் தப்பு நடந்தால் பங்குதாரருக்குப் பணம் போகும். எங்களுக்கு நிலத்தடி நீர் போகும். ஏற்கெனவே பாதி உப்பு.

அடுத்து வருவது "வளர்ச்சிக்கு எதிரி". என் பையன் திருப்பூரில் வாடகை அறையில் கிடக்கிறான். இங்கே ஒழுங்கான ஆலை வந்தால் முதலில் மகிழ்கிறவன் நான். ஒழுங்கானதா என்று கேட்கத்தானே அந்தக் கூட்டம்? கேட்டால் புரியாது என்கிறார்கள். 2010-ல் மன்னார்குடி மீத்தேன் திட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அது என்னவென்று ஊர் ஊராகப் போய் விளக்கியது எந்த ஆலோசனை நிறுவனமும் இல்லை, இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார். 2013 டிசம்பரில் அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே போய்ச் சேர்ந்தார். ஜனங்களுக்குப் புரிந்தது. ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசலில் 2017-ல் உட்கார்ந்தவர்களுக்கும் புரிந்தது. டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்கும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் 2020 பிப்ரவரியில் வந்தது அந்தப் புரியாத ஜனங்களால்தான். அதற்கு முந்தைய மாதம் என்ன நடந்தது? எண்ணெய், எரிவாயு தேடும் கிணறுகளுக்குக் கருத்துக்கேட்பே தேவையில்லை என்று டெல்லி விதியை மாற்றியது. புரிந்து பேச ஆரம்பித்தால் பேசுகிற பந்தலையே பிரித்துவிடுகிறார்கள்.

குறை மட்டும் சொல்கிறேன் என்பவர்களுக்கு: முதலாளி பணம் கட்டட்டும். அதை ஒரு பொது நிதியில் கட்டட்டும். எந்த ஆலோசகர் என்பதைச் சம்பந்தமில்லாத ஓர் அமைப்பு குலுக்கல் முறையில் முடிவு செய்யட்டும். 2011-ல் லாஃபார்ஜ் சிமென்ட் நிறுவனத்தின் சுரங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலுக்குத் தேசிய அளவில் ஓர் ஒழுங்குமுறை அமைப்பு வேண்டும் என்றது, 2014-ல் மறுபடியும் சொன்னது. அந்த அமைப்பை யாராவது எங்காவது பார்த்தால் எனக்கும் தெரிவிக்கவும்.

ஆலோசகர்களும் பிழைக்க வேண்டுமே என்று உருகுபவர்களுக்கு: நான் சொல்வதே அதற்குத்தான். உண்மையை எழுதினாலும் கடைசித் தவணை வந்து சேரும் என்றால் என் அக்காள் மகன் இன்னும் அந்தத் தொழிலில் இருந்திருப்பான்.

ஆதாரம் கேட்டுப் பின்னூட்டமிடப் போகிறவர்கள் முதலில் அறிக்கையைப் படியுங்கள். முழு அறிக்கை ஆங்கிலத்தில், தலையணை கனத்துக்கு இருக்கிறது. நமக்கென்று தமிழில் கொடுத்திருப்பது சுருக்கம் மட்டும். படித்து முடித்துவிட்டு வாருங்கள், பேசலாம். நிபுணர்களாக இருந்தாலும் பரவாயில்லை.