தரைத்தளத்துக்கு 500 ரூபாய் கூடுதல்

வீடு பார்க்கப் போனால் எல்லாரும் தண்ணீர் வருமா, வெளிச்சம் இருக்குமா என்று பார்ப்பார்கள். நான் படியைப் பார்ப்பேன். வாசலில் எத்தனை படி, பாத்ரூமுக்குள் இறங்க எத்தனை, கக்கூஸ் உள்ளேயா, பின்னால் பொதுவிலா. வடசென்னையில், கொருக்குப்பேட்டையில் இந்த மாதம் மட்டும் ஒன்பது வீடு பார்த்துவிட்டேன். ஏழு வீட்டில் வாசலோடு திரும்பிவிட்டேன். தெருவைப் போடும்போதெல்லாம் மேடாக்கிவிடுவதால், மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்க வாசலில் இரண்டடிக்குத் தடுப்பு கட்டி, ஏறி அந்தப் பக்கம் இறங்குவது போல வைத்திருக்கிறார்கள். கால் நன்றாக இருப்பவர்களே சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் தாண்டுகிறார்கள்.

எனக்கு இடது காலில் போலியோ. காலைத் தாங்கும் கேலிப்பர் போட்டு, ஊன்றுகோல் வைத்து நடப்பேன். மாற்றுத்திறனாளி சான்றிதழில் பாதிப்பு 60 சதவீதம். எம்.சி. ரோடு துணிக்கடைகளுக்கு நைட்டி தைத்துக் கொடுக்கிறேன், பீஸ் கணக்கு. கணவர் மின்ட் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். இப்போது இருக்கும் வீட்டுக்கு வாடகை 7,000. இதே அளவு போர்ஷன் மாடியில் 6,500. ஏன் என்று கேட்டதற்கு, "கீழ் வீட்டுக்கு டிமாண்ட் ஜாஸ்திம்மா, வயசானவங்க, முடியாதவங்க எல்லாம் கேக்கறாங்க" என்றார் ஓனர் அம்மா. அவர் சொன்னதில் பொய் இல்லை. முடியாதவர்கள் கேட்பதால்தான் முடியாதவர்களுக்கு 500 ரூபாய் கூடுதல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முட்டிவரை தண்ணீர் வந்ததும் அதே கீழ் வீட்டில்தான். தையல் மெஷினைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு, நான் அதன் பக்கத்திலேயே இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன்.

முன்பெல்லாம் முகத்துக்கு நேராகவே நொண்டி என்பார்கள். இப்போது "மாற்றுத்திறனாளியாம்மா? அய்யோ, வழுக்கி விழுந்தீங்கன்னா நாங்க பதில் சொல்லணுமே" என்று மரியாதையாகச் சொல்லித்தான் வீடு இல்லை என்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் உதவித்தொகை பற்றி நான் போட்ட பதிவுக்குக் கீழே ஒரு அண்ணன், "இன்னும் எவ்வளவுதான் இலவசமா கொடுக்கறது?" என்று கேட்டிருந்தார். கோபமாகப் பதில் எழுதி அழித்துவிட்டேன். உதவித்தொகை வாங்குபவர் வாடகை வீட்டில் இருந்தால் அதற்கென்று தனியாக ஒரு தொகை ஏன் வேண்டும் என்று கணக்காகவே எழுதுகிறேன்.

எனக்கு வருவது வருவாய்த்துறை தரும் மாற்றுத்திறனாளி உதவித்தொகை. 1,000 ரூபாயாக இருந்தது, 2023 ஜனவரியிலிருந்து 1,500 ஆனது. கை, கால் பாதிப்பு 75 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தனியாகப் பராமரிப்புத் தொகை தருகிறது. அதை 2022 ஜனவரியில் 2,000 ஆக்கினார்கள். 60 சதவீதக்காரிக்கு அது கிடையாது. அந்த 1,500 என்பது எங்கிருந்து வந்த எண் என்று யாராவது யோசித்திருக்கிறீர்களா? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, மற்றவர்களுக்குத் தரும் அதே மாதிரித் திட்டத்தைவிட எங்களுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. அதே 2023 ஆகஸ்டில் முதியோர் உதவித்தொகை 1,200 ஆனது. 1,200இல் கால் பங்கு 300. கூட்டினால் 1,500. திட்டமிட்டுச் செய்தார்களா, தற்செயலா தெரியாது, ஆனால் 'குறைந்தது' என்று சட்டம் போட்ட கோட்டில் ஒரு ரூபாய்கூட ஏறாமல் நிற்கிறது.

ஆந்திராவில் 2024 ஜூலையிலிருந்து மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 6,000. நம் கும்மிடிப்பூண்டி லைனில் ரயில் ஏறி, ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திராவின் தடா. அங்கே இறங்குகிற என்னைப் போன்ற ஒருத்திக்கு என்னைவிட நாலு மடங்கு. கால் அதே கால்தான். அந்த அளவுக்கு இங்கேயும் தர வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் சங்கத்தினர் ஊன்றுகோலோடு சாலையில் உட்கார்ந்து போராடியதையும், போலீஸ் வேனில் ஏற்றப்பட்டதையும் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

என் 1,500 என் கையில் நிற்பதே இல்லை. வந்ததும் வாடகையோடு சேர்ந்து ஓனர் கணக்குக்குப் போய்விடும். அதில் 500 நான் படி ஏற முடியாததற்கான அபராதம். மீதி 1,000இல் கரண்டுக்கு ஒரு பங்கு. இதைச் சொன்னால் சொந்த வீட்டுக்காரர்களுக்குப் புரிவதில்லை. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசு தருகிறது. எங்கள் காம்பவுண்டில் ஐந்து குடித்தனம், மீட்டர் ஓனர் பெயரில். எங்களுக்கு சப் மீட்டர், யூனிட்டுக்கு 9 ரூபாய். இலவசம் தெருவரை வந்து, கேட்டுக்கு வெளியே நின்றுவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், என் தையல் மெஷின் அரசு கொடுத்த மோட்டார் வைத்த மெஷின். காலால் மிதிக்க முடியாதவர்களுக்காகவே தருவது. அது இல்லாவிட்டால் எனக்குத் தொழிலே இல்லை, அந்த நன்றி என்றைக்கும் உண்டு. ஆனால் மிதிக்க முடிந்த பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கரண்ட் செலவு இல்லை, எனக்கு ஒவ்வொரு நைட்டிக்கும் யூனிட் 9 ரூபாய் கணக்கில் மீட்டர் ஓடுகிறது.

இதைவிடப் பெரிய தலைவலி முகவரி. தண்டையார்பேட்டையிலிருந்து இங்கே மாறியபோது பழைய ஓனரும் அக்ரிமென்ட் போட்டுத் தரவில்லை, புதியவரும் தரவில்லை. அது இல்லாமல் ஆதாரில் முகவரி மாற்ற முடியவில்லை. அதற்குள் உதவித்தொகை விசாரணைக்கு வந்த ஒருவர் பழைய வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே புதிதாகக் குடிவந்தவர்கள், அப்படி யாரும் இல்லை என்று உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். பணம் நின்றுவிட்டது. போய்க் கேட்கலாம் என்றால் உதவித்தொகை அலுவலகம் முதல் மாடியில். கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஒரு இளநிலை உதவியாளர் தம்பி ஃபைலைத் தூக்கிக்கொண்டு அவரே இறங்கி வந்தார். அவர் இருந்ததால் ஐந்து மாதத்தில் முடிந்தது. நின்றுபோன ஐந்து மாதப் பணம் வரவில்லை.

அந்த ஐந்து மாதமும் என் கால் அப்படியேதான் இருந்தது. மாறியது கதவு எண் மட்டும்.

ஓனர்கள் ஏன் எழுதித் தர மாட்டேன் என்கிறார்கள்? பலருக்கும் பயம், வரி கட்டச் சொல்வார்களோ, வீடு கைவிட்டுப் போய்விடுமோ என்று. என் ஓனர் அம்மாவே கணவர் இல்லாதவர், ஐந்து போர்ஷன் வாடகைதான் அவருக்குச் சோறு. அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கு மனம் இல்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதியச் சொல்கிறது. அட்வான்ஸ் பொதுவாக மூன்று மாத வாடகை என்கிறது. நான் கொடுத்திருப்பது பத்து மாதம். எங்கள் தெருவில் இந்தச் சட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர் யாராவது இருந்தால் அவருக்கு என் கையால் ஒரு நைட்டி இலவசம்.

"குடிசை மாற்று வாரிய வீடு கேட்கலாமே" என்பீர்கள். வீட்டுத் திட்டங்களில் எங்களுக்கு 5 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்று அதே 2016 சட்டம் சொல்கிறது. எங்கே ஒதுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. வாரியக் குடியிருப்பு இருக்கும் பெரும்பாக்கம் என்றால் இங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர், எட்டு அடுக்கு. அங்கே போய் உட்கார்ந்தால் எம்.சி. ரோட்டுக்கு யார் துணியைத் தூக்கிக்கொண்டு வருவது? பஸ் எனக்கு இலவசம்தான், பீஸ் மூட்டையோடு அந்தப் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். வீடு வாங்குபவர் கட்ட வேண்டிய பயனாளி பங்குத் தொகை என்று ஒரு கணக்கு வேறு இருக்கிறது.

நான் கேட்பது அரசுக்குத் தெரியாத புதுச் சங்கதி இல்லை. குடிசை மாற்று வாரியம் என்று நாம் இன்னும் கூப்பிடுகிற நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், பழைய குடியிருப்பை இடித்துக் கட்டும்போது அங்கிருக்கும் குடும்பங்களுக்கு வெளியே குடியிருக்கக் கருணைத் தொகை தருகிறது. முன்பு மொத்தமாக 8,000, பிறகு 24,000 ஆக்கினார்கள். அதாவது, சென்னையில் வாடகை என்று ஒன்று இருக்கிறது, ஏழைக்கு அது பாரம் என்பது அரசுக்கே தெரியும். ஆனால் ஏற்கெனவே வாரிய வீடு உள்ளவர்களுக்கு மட்டும்தான் தெரிகிறது. வாழ்நாள் முழுக்க ஒண்டிக்குடித்தனமாகவே இருக்கிறவர்களுக்கு அந்தத் தலைப்பில் ஒரு பத்து ரூபாய்கூட இல்லை.

உதவித்தொகை வாங்குபவர் வாடகை வீட்டில் இருந்தால், அதற்கென்று தனியாக ஒரு தொகை. இதுதான் என் கோரிக்கை. கொடுத்தால் ஓனர்கள் வாடகையை ஏற்றிவிடுவார்கள் என்று என் கணவரே சொல்கிறார். ஏற்றத்தான் செய்வார்கள், சிலர். பதிவு செய்த ஒப்பந்தம் இருந்தால்தான் பணம் என்று வைத்தால், பதிவதற்கு ஓனருக்கும் ஒரு காரணம் கிடைக்கும், எனக்கும் முகவரிக்கு ஒரு காகிதம் கிடைக்கும். அதுகூட வேண்டாம் என்றால், வீடு மாறியதைச் சொன்னால் பணம் நிற்காமல் பின்னாலேயே வர வழி செய்யட்டும்.

டாக்டர் என் காலை அளந்து 60 என்று எழுதினார். அந்த 2016 சட்டமோ உடல் குறைபாடும் வெளியே இருக்கும் தடைகளும் சேர்ந்து மோதுவதைத்தான் இயலாமை என்கிறது. சமதரை வீட்டில் நான் 60. மூன்று படியும் குத்தவைக்கும் கக்கூஸும் உள்ள வீட்டில் எவ்வளவு என்று யாரும் அளந்து பார்த்ததில்லை.

அப்புறம், இந்தப் பதிவை எழுத உட்கார்ந்த காரணம்: அடுத்த மாதக் கடைசியில் இந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும், ஓனர் அம்மா மகனுக்குக் கல்யாணம். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் தரைத்தளத்தில் வீடு இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். வெஸ்டர்ன் கக்கூஸ், வாசலில் ஒரு படிக்கு மேல் வேண்டாம், பாத்ரூம் சுவரில் ஒரு கைப்பிடி அடிக்க விட வேண்டும். வாடகை 7,000 வரை. மெஷின் சத்தம் இரவு ஒன்பதுக்கு மேல் இருக்காது.