கடன்ல வர்ற காத்து

அப்பா ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம் போட்டிருக்கிறார், 8.2 சதவீத வட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் கணக்கில் விழுகிறது, அதையும் தொடாமல் ஆர்டியில் போடுகிறார். சித்திரை வெயிலில் ஈரத்துண்டை மார்பில் போட்டுக்கொண்டு தரையில் படுக்கிறார். நான் தவணையில் ஏசி வாங்கி மாட்டினால், "கடன்ல வர்ற காத்து எனக்கு வேண்டாம்" என்று திண்ணைக்குப் போய்விடுகிறார்.

சின்ன வயதில் கடன்காரர் வாசலில் நின்று கத்தியதைப் பார்த்தவர், அந்த பயம் எனக்குப் புரிகிறது. சரி, ஆனால் அம்மாவின் காசி ஆசை? பத்து வருடமாக "அப்புறம் பார்க்கலாம்"தான், இப்போது முட்டி தேய்ந்து படி ஏறவே சுவரைப் பிடிக்கிறாள். யாருக்காகச் சேர்க்கிறீர்கள் என்றால் உனக்குத்தான் என்கிறார். எனக்கு வேண்டாம் அப்பா, அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.